கலயமும் கிண்ணமும்

தமிழ்நாட்டின் தென்கோடியில் முக்கடலும் கூடும் இடத்தை எல்லையாகக் கொண்டு விளங்குவது கன்னியாகுமரி மாவட்டம். அதன் கிழக்குப் பகுதியாகிய நாஞ்சில் நாடு பழையாற்று நீரால் வளம் பெற்ற நெல்வயல்களை உடையது. மேற்கே செல்லச் செல்ல வயல்கள் குறைந்து, தென்னையும் பனையும் ஓங்கி நிற்கும் மேட்டு நிலங்கள் தோன்றும். அங்கே பனையேறும் தொழிலாளர், விடியுமுன் எழுந்து மரமேறிப் பாளையின் நுனியைச் சீவி, அதில் மண்கலயத்தைக் கட்டி வைப்பர். கட்டுவதற்கு முன் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவர். அவ்வாறு தடவிய கலயத்தில் சேர்வது இனிய பதநீர். அதனை அம்மாவட்டத்து மக்கள் அக்கானி என்று வழங்குவர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் சேர்வதோ, சில மணி நேரத்திற்குள் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும்.

மரம் ஒன்றே; பாளை ஒன்றே; வடியும் சாறும் ஒன்றே. எனினும் ஒன்று இனிக்கிறது, மற்றொன்று புளிக்கிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? பனையின் சாற்றைப் புளிக்கச் செய்வன கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை காற்றில் மிதக்கும் தூசியிலும், பழைய சாறு படிந்த கலயத்தின் சுவரிலும் தங்கியிருக்கின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றை வளரவிடாமல் தடுக்கிறது. நுண்ணுயிர் என்னும் சொல்லை அறியாத காலத்திலேயே, அவற்றைத் தடுக்கும் வழியைப் பனையேறும் மக்கள் பட்டறிவால் கண்டிருந்தனர்.

புளித்தலின் உண்மைக் காரணத்தை ஆராய்ந்து நிறுவியவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். 1857-ஆம் ஆண்டில் அவர், பால் புளிப்பதும் நுண்ணுயிர்களின் செயலே என்று எடுத்துரைத்தார். பின்னர் அவர் செய்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. கண்ணாடிக் குடுவை ஒன்றில் சாற்றை ஊற்றி, அதன் கழுத்தை அன்னத்தின் கழுத்தைப் போல நீட்டி வளைத்தார். பிறகு சாற்றைக் கொதிக்க வைத்தார். குடுவையின் வாய் திறந்தே இருந்தது. காற்றும் உள்ளே சென்று வந்தது. எனினும் சாறு நெடுநாள் கெடாமல் இருந்தது. காற்றோடு வந்த தூசியும் நுண்ணுயிர்களும் வளைந்த கழுத்திலேயே ஒட்டிக்கொண்டமையே அதற்குக் காரணம். பிறகு அவர் குடுவையைச் சாய்த்து, சாறு கழுத்து வரை சென்று மீண்டும் உள்ளே திரும்புமாறு செய்தார். சில நாட்களில் சாறு கெட்டுவிட்டது. வாய்ப்புறத்தைத் தொட்டுத் திரும்பிய நீர் தூயநீர் ஆகாது என்பதை அச்சோதனை காட்டியது. இந்த உண்மை பின்வரும் செய்திகளுக்கு அடிப்படையாகும். ஆதலின் இதனை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

பாஸ்டரின் ஆராய்ச்சியைப் படித்து, அதனை மருத்துவத்திற்குப் பயன்படுத்தியவர் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர். அக்காலத்தில் அறுவை வெற்றியாக முடிந்த பின்னும், புண் சீழ்ப்பிடித்து நோயாளிகள் பலர் மாண்டனர். சாறு புளிப்பதற்கும் புண் அழுகுவதற்கும் காரணம் ஒத்ததாக இருக்கலாம் என்று லிஸ்டர் கருதினார். 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள், ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறியதால் அவன் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அத்தகைய காலை வெட்டி எடுப்பதே அன்றைய வழக்கம். லிஸ்டரோ, கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் புண்ணைக் கட்டினார். புண் அழுகவில்லை, ஆறு வாரங்களில் எலும்பும் கூடியது. சிறுவன் தன் இரு கால்களாலும் நடந்து சென்றான்.

இவ்வறிவு உலகெங்கும் பரவிய காலத்தில், அதன் பயனைப் பெற்ற இடங்களுள் ஒன்று குமரி மாவட்டத்து நெய்யூர். கல்குளம் வட்டத்தில் இரணியலை அடுத்துள்ள இச்சிற்றூர், அந்நாளில் திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தது. 1838-ஆம் ஆண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவர் இங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். அறுவையின்போது நோயாளியை உணர்விழக்கச் செய்யும் ஈதர், அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே, 1846-இல், பாஸ்டன் நகரில் உலகறிய வந்தது. ஆகவே நெய்யூர் மருத்துவமனையின் வரலாறு, இக்கால அறுவை மருத்துவத்தின் வரலாற்றினும் மூத்தது எனலாம்.

அம்மருத்துவமனையின் பெயரை நெடுந்தொலைவு பரவச் செய்தவர் தியோடர் ஹோவார்டு சாமர்வெல். இவர் 1890-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயமுற்ற வீரர்களுக்கு அறுவை செய்தவர். 1922-ஆம் ஆண்டு எவரெஸ்டு மலையேறச் சென்ற குழுவினருள் ஒருவர். மலையிலிருந்து திரும்பியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் வழியில் நெய்யூருக்கு வந்தார். நோயாளிகளோ பெருங்கூட்டமாகக் காத்திருந்தனர். அறுவை செய்யத் தகுதி பெற்ற மருத்துவரோ ஒருவரே இருந்தார். அக்காட்சி அவர் வாழ்வின் திசையை மாற்றியது. இலண்டனில் கிடைக்கவிருந்த உயர்வை விடுத்து, 1923 முதல் நெய்யூரையே தம் பணிக்களமாகக் கொண்டார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டு ஏறி, உயிர்க்காற்றுக் கருவியின் துணையின்றி 28,000 அடி உயரம் வரை சென்று திரும்பினார். ஆயினும் அவர் வாழ்நாளின் பெரும்பணி மலையுச்சியில் அன்று, நெய்யூரின் அறுவை மேசை அருகிலேயே நிகழ்ந்தது. வயிற்றுப் புண்ணால் வருந்திய எண்ணற்ற ஏழைகளுக்கு அவர் அறுவை செய்தார். இரைப்பை அறுவையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1948-இல் வெளிவந்தது. பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றி, 1975-இல் மறைந்தார்.

அறுவை மருத்துவரின் பெயர் ஊரறியும், நாடறியும். ஆனால் அவர் கத்தியைக் கையில் எடுக்கும்போது, அவரைச் சுற்றிப் பலர் நின்று துணைபுரிகின்றனர். அவர்கள் செய்யும் சிறுசிறு வேலைகளுள் ஒன்று தவறினாலும், அரிய அறுவை பயனற்றுப் போகும். கிருமியற்ற நீரைப் புட்டியிலிருந்து அறுவை மேசையின் கிண்ணத்திற்கு மாற்றுவது அத்தகைய வேலைகளுள் ஒன்று. நீரை ஊற்றுவது எவரும் செய்யக்கூடிய எளிய செயல் என்று தோன்றலாம். அதனுள் அடங்கியுள்ள அறிவையும் பொறுப்பையும் ஆராய்ந்தால், எளிய செயல் என்று எதனையும் இகழ்தல் கூடாது என்பது விளங்கும்.

அறுவையின்போது நீர் எதற்கு? திறந்த வயிற்றினுள் உறுப்புகள் உலர்ந்துவிடாமல் ஈரத்துணியால் மூடி வைத்தல் வேண்டும். குருதியையும் கசிந்த பொருள்களையும் கழுவி நீக்குதல் வேண்டும். கருவிகளைத் துடைக்கவும் நீர் தேவை. ஆனால் வெறும் நீரைப் பயன்படுத்துதல் ஆகாது. வெறும் நீர் குருதியின் செவ்வணுக்களுள் புகுந்து, அவற்றை உப்பச் செய்து வெடிக்கச் செய்யும். ஆதலின் ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்புச் சேர்த்த உப்புநீரையே பயன்படுத்துவர். சலைன் என்று யாவரும் கூறுவது இதனையே. இதனை உடலின் வெப்பத்திற்கு ஏற்ப இளஞ்சூடாக்கிக் கொள்வதும் உண்டு.

இந்நீரைக் கிருமியற்றதாக்குவது நீராவி. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். சில நுண்ணுயிர்களின் வித்துகள் அவ்வெப்பத்தையும் தாங்கிப் பிழைத்திருக்கும். மூடிய கலத்தில் நீராவியை அடைத்து, சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு மிகையழுத்தம் உண்டாக்கினால், வெப்பம் 121 பாகைக்கு உயரும். அவ்வெப்பத்தில் போதிய நேரம் வைத்திருந்தால் வித்துகளும் மடியும். வீடுகளில் உள்ள குக்கரும் இவ்வகையிலேயே விரைந்து சோறாக்குகிறது. ஆனால் கலத்தினுள் காற்றுத் தங்கிவிட்டால், அவ்விடத்தில் வெப்பம் குறைந்துவிடும். 1972-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் நகரில், சர்க்கரை நீர் ஏற்றப்பட்ட நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர். அந்நீர்ப் புட்டிகளைச் சூடாக்கிய கலத்தின் அடிப்பகுதியில் காற்றுத் தங்கியிருந்ததே அதற்குக் காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. வெப்பம் குறைந்திருப்பதைக் கருவி காட்டியது. கருவியே பழுது என்று எண்ணி அதனைப் பொருட்படுத்தாமல் விட்டனர். எச்சரிக்கும் குரலைப் பழிப்பது எளிது. அதன் விளைவைத் தாங்குவது அரிது.

இனி, தூய்மையாக்கிய நீரைக் கிண்ணத்தில் ஊற்றும் முறையைக் காண்போம். அறுவைக்கூடத்தில் இருவகைச் செவிலியர் பணிபுரிவர். ஒருவர் கைகளை நன்கு தேய்த்துக் கழுவி, கிருமியற்ற மேலங்கியும் கையுறையும் அணிந்து, மேசையருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பவர். அவரை மேசைச் செவிலி எனக் கொள்ளலாம். மற்றவர் மேசைக்கு அப்பால் இருந்து, வேண்டும் பொருள்களைக் கொணர்பவர். அவரைப் புறச்செவிலி எனக் கொள்ளலாம். புட்டியின் உள்ளே இருக்கும் நீர் கிருமியற்றது. புட்டியின் வெளிப்புறமோ அத்தகையது அன்று. ஆகவே மேசைச் செவிலி புட்டியைத் தொடலாகாது. புறச்செவிலி கிண்ணத்தைத் தொடலாகாது. தூய நீர் மட்டும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கலத்திற்குச் செல்லுதல் வேண்டும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே விழும் அந்நீர்த்தாரையில் ஓர் உயிரின் நலம் அடங்கியுள்ளது.

புறச்செவிலி முதலில் புட்டியை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பார். நீர் கலங்கியுள்ளதா, துகள் மிதக்கிறதா, புட்டியில் கீறல் உண்டா, முத்திரை உடைந்துள்ளதா, காலக்கெடு கடந்துவிட்டதா என்று ஆராய்வார். பிறகு நீரின் பெயரையும் செறிவையும் உரக்கப் படிப்பார். மேசைச் செவிலியும் சீட்டைத் தம் கண்ணால் கண்டு, அவற்றை மீண்டும் சொல்வார். ஒருவர் கண் தவறினும் மற்றவர் கண் காக்கும்.

அடுத்து, மேசைச் செவிலி கிண்ணத்தை மேசையின் ஓரத்தில் வைப்பார். அல்லது கையில் ஏந்தி நீட்டுவார். ஓரத்தில் வைப்பது ஏன்? மனிதத் தோலிலிருந்து நுண்ணிய செதில்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றின்மேல் நுண்ணுயிர்கள் அமர்ந்துள்ளன. புறச்செவிலியின் கை மேசையின் நடுவே நீண்டால், அச்செதில்கள் கருவிகளின்மேல் விழக்கூடும். கிண்ணம் ஓரத்தில் இருந்தால் கை நீள வேண்டிய தேவை இல்லை.

மூடியைத் திறக்கும்போது புட்டியின் வாயில் விரல் படலாகாது. சீட்டு ஒட்டிய பக்கம் உள்ளங்கையில் அமையுமாறு புட்டியைப் பிடிப்பர். வழியும் நீரால் எழுத்து அழியாமல் இருப்பதற்காகவே இவ்வேற்பாடு. அரைச்சாண் முதல் ஒரு சாண் வரை உயரத்தில் பிடித்து, மெல்ல, ஒரே சீராக ஊற்றுவர். மிக உயர்த்தினால் நீர் தெறிக்கும். மிகத் தாழ்த்தினால் புட்டி கிண்ணத்தில் படும்.

தெறிப்பதால் தீங்கு என்ன? அகல்விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் பலரும் கண்டிருப்பர். நனைந்த துணியும் அவ்வாறே செயற்படும். மேசைமேல் விரித்த கிருமியற்ற துணி உலர்ந்திருக்கும் வரை காவலாகும். நனைந்துவிட்டால், அடியில் உள்ள மேசையிலிருந்து நுண்ணுயிர்கள் ஈரத்தின் வழியே மேலே வந்து சேரும். நீர்புகாத விரிப்புகள் இக்காலத்தில் வந்துள்ளன. எனினும் தெறிக்காமல் ஊற்றும் பழக்கத்திற்கு அவை ஈடாகா.

ஊற்றிய பின் புட்டியில் எஞ்சிய நீரை மூடி வைத்து மீண்டும் பயன்படுத்துவதில்லை. பாஸ்டரின் குடுவையை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். சாய்த்தபோது நீர் புட்டியின் வாயைத் தொட்டது. நிமிர்த்தியபோது அதில் ஒரு பகுதி உள்ளே திரும்பியது. திரும்பிய துளியோடு நுண்ணுயிரும் திரும்பியிருக்கலாம். ஆகவே எஞ்சியதைக் கொட்டிவிடுவர். சிக்கனம் சிறந்த பண்பே. ஆயினும் ஒரு புட்டி நீரின் விலையை ஓர் உயிரின் விலையோடு எடைபோடுதல் தகாது. சிறு குப்பிகளில் வரும் மருந்துகளை அடைப்பை நீக்கி ஊற்றுவதும் இல்லை. புறச்செவிலி குப்பியைப் பிடித்திருக்க, மேசைச் செவிலி கிருமியற்ற ஊசியால் மருந்தை உறிஞ்சி எடுப்பார்.

கிண்ணம் நிறைந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அடுத்த புட்டியைத் தொடுமுன், அக்கிண்ணத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டுதல் வேண்டும். உப்புநீரும் தெளிந்தது, மரப்பு மருந்தும் தெளிந்தது, தோலைத் தூய்மை செய்யும் மருந்தும் சில வேளைகளில் தெளிந்தே இருக்கும். கண்ணால் பார்த்து வேறுபடுத்துதல் இயலாது. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில், சீட்டு ஒட்டப்படாத கிண்ணங்களில் இருந்த தெளிந்த நீர்மங்கள் மாறிப்போயின. குருதிக் குழாயில் செலுத்த வேண்டிய மருந்துக்கு மாறாக, தோலைத் தூய்மை செய்யும் மருந்து செலுத்தப்பட்டது. நோயாளி 19 நாட்களுக்குப்பின் உயிரிழந்தார். அம்மருத்துவமனை உண்மையை மறைக்காமல் உலகறியச் சொன்னது. பெயர் இல்லாத நீர் எதுவாயினும் அதனைக் கொட்டிவிடுக என்பது இன்று அறுவைக்கூடங்களில் விதியாக நிற்கிறது. 2008-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும், கிருமியற்ற நிலை உறுதி செய்யப்பட்டதா என்பது, அறுவை தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்றாக அமைந்துள்ளது.

இம்முறைகளை எல்லாம் ஒரு திங்களில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள நெடுநாள் வேண்டுவது மற்றொன்று உண்டு. நள்ளிரவில் நடைபெறும் ஓர் அறுவையை எண்ணிப் பார்ப்போம். வயல் வேலையில் குடற்புண் வெடித்த உழவர் ஒருவர் மேசைமேல் கிடக்கிறார். மூத்த மருத்துவர் விரைகிறார், யாவரும் களைத்திருக்கின்றனர். இளஞ்செவிலி ஒருத்தி நீரை ஊற்றும்போது, புட்டியின் விளிம்பு கிண்ணத்தை ஒரு நொடி தொட்டுவிடுகிறது. எவரும் அதனைக் காணவில்லை. சொன்னால் கடிந்துரை கிடைக்கலாம். கிண்ணத்தை மாற்றக் காலம் செல்லலாம். சொல்லாவிட்டால் இன்று ஒன்றும் நேராது. நான்கைந்து நாட்கள் கழித்துப் புண்ணில் சீழ் தோன்றினாலும், அதற்குக் காரணம் எவருக்கும் தெரியாது. அந்நொடியில் அவளுக்குத் துணையாவது அவள் மனச்சான்று ஒன்றே. "கிண்ணத்தில் புட்டி பட்டுவிட்டது, ஐயா, மாற்ற வேண்டும்" என்று அவள் சொல்லிவிட்டால், அவ்வுழவரின் உயிரைக் காத்தவர்களுள் அவளும் ஒருத்தி ஆவாள். அச்சொல்லைக் கேட்டுச் சினவாமல், "நன்று, மாற்றுக" என்று கூறும் மருத்துவரும் அவ்வாறே உயிர்காத்தவர் ஆவார். சினத்துக்கு அஞ்சி உண்மை ஒளிந்துகொள்ளும் இடத்தில் தூய்மை தங்குவதில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் தமிழ்நாட்டோடு இணைந்தது. நெய்யூர் மருத்துவமனையும் நாகர்கோவிலில் உள்ள பழைய மருத்துவமனைகளும் இன்றும் பணிபுரிகின்றன. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் அமைந்துள்ளது. இம்மாவட்டத்தில் பிறந்து செவிலியராகிக் கடல் கடந்து தொண்டு செய்வோரும் பலர். அவர்கள் ஊற்றும் நீருக்கு நாடும் மொழியும் இல்லை. தூய்மை ஒன்றே அதன் இலக்கணம்.

பனையேறும் தொழிலாளி உயரத்தில் கட்டும் கலயத்தினுள் சுண்ணாம்பு தடவப்பட்டுள்ளதா என்பதைக் கீழே நிற்பவர் காண இயலாது. ஆயினும் அவர் நாள்தோறும் தவறாமல் தடவுகிறார். அதனாலேயே அக்கானி இனிக்கிறது. அறுவைக்கூடத்துக் கிண்ணத்தில் விழும் நீரின் தூய்மையையும் நோயாளி காண்பதில்லை. அவர் உணர்விழந்து கிடக்கிறார். தம்மைக் காணாதவருக்காகத் தம் கடமையில் வழுவாது நிற்போரை நம்பியே அவர் கண்மூடுகிறார். அந்நம்பிக்கையைக் காப்பதே தொழில்கள் அனைத்திற்கும் உரிய அறமாகும்.